எல்லையோர ஊர்களில் வாழ்ந்த ஒரு தம்பதியின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடி எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை முதல் களியக்காவிளை வரையுள்ள எல்லையோர ஊர்களில், திருவிதாங்கூர் ஆட்சியில் பிறந்து பின்னர் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ வாழ்ந்து மறைந்த ஒரு கணவன் மனைவியின் வாழ்க்கையை ஆவணங்களைக் கொண்டு வரிசைப்படுத்தும் முறையை இங்கே எழுதுகிறேன். என் தாய்வழிப் பாட்டனாருக்கும் பாட்டிக்கும் முதலில் இதைச் செய்தேன்; பிறகு உறவினர் சிலருக்கு உடனிருந்து உதவினேன். புதிதாகத் தொடங்கியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள். வீட்டில் இருப்பதைப் பார்க்காமல் அலுவலகத்துக்குப் போனார்கள். கணவன் பெயரை மட்டும் தேடினார்கள். திருவிதாங்கூர் ஆவணங்களில் வரும் கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாகத் தவறாக மாற்றினார்கள். ஆகவே படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. தம்பதிக்கு ஒரு தாள், ஆளுக்கு ஒரு பத்தி

ஒரு பெரிய தாளை நெடுக்காக மூன்றாகப் பிரித்து, நடுவில் ஆண்டையும், இடப்பக்கம் கணவனைப் பற்றியதையும், வலப்பக்கம் மனைவியைப் பற்றியதையும் எழுதுங்கள். ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். “பெரியம்மா சொன்னது”, “பத்திரத்தில் உள்ளது”, “பாத்திரத்தில் வெட்டியிருப்பது” என்று இப்படிக் குறித்து வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து இரண்டு தேதிகள் மோதும்போது எதை நம்புவது என்று தெரியாது.

வம்ச மரம் வரைவதிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. மரத்தில் ஒருவருக்கு ஒரு கட்டம்தான் கிடைக்கும். அந்தக் கட்டம் நிரம்பியதும் தேடல் முடிந்துவிட்டது போலத் தோன்றும். இரண்டு பத்தித் தாளிலோ மனைவியின் பக்கம் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பது முதல் நாளே கண்ணில் படும்.

2. எந்த ஆண்டில் எந்த அரசு என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஊர் நகரவில்லை, கச்சேரிதான், அதாவது அரசு அலுவலகம்தான், மாறியது. 1949 ஜூலை 1 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம், அதன்பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், 1956 நவம்பர் 1 முதல் மொழிவழி மாநிலங்கள் என்பது அடிப்படை வரிசை. அந்த நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. கொல்லம் மாவட்டத்திலிருந்த செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனுடன் சென்றது. தமிழர் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

உங்கள் தம்பதி வாழ்ந்த ஒவ்வொரு ஊருக்கும், அது எந்தக் காலத்தில் எந்தப் பகுதி, எந்த வட்டம், எந்த மாவட்டம், எந்தப் பதிவு அலுவலகம் என்று ஒரு சிறு அட்டவணை எழுதுங்கள். திருவிதாங்கூரில் ‘பகுதி’ என்பது வட்டத்துக்குக் கீழுள்ள வருவாய்ப் பிரிவு. இன்றைய வருவாய்க் கிராமத்தோடு அது முழுதும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. என் பாட்டனாரின் பத்திரத்தைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்தேன். அந்த ஊர் அந்தக் காலத்தில் வேறொரு பதிவு அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்தது என்பது, பக்கத்து வயல்காரரின் பழைய பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதே ஊரின் பழைய பத்திரம் ஒன்று, யாருடையதாக இருந்தாலும் சரி, கிடைத்தால் அதன் முத்திரையைப் படித்துவிடுங்கள். அலுவலகத்தின் பெயர் அதில் இருக்கும். முத்திரைத்தாளில் சங்குச் சின்னம் இருந்தால் அது திருவிதாங்கூர்க் காலத்தது.

3. கொல்லம் ஆண்டை மாற்றும் முறை

கொல்லம் ஆண்டு இப்பகுதியில் சிங்ஙம் முதல் நாளில், அதாவது நமது ஆவணி முதல் தேதியில் பிறக்கிறது. ஆகவே ஆவணி தொடக்கம் முதல் டிசம்பர் முடிவு வரையுள்ள தேதிகளுக்கு 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடிவு வரையுள்ளவற்றுக்கு 825-ஐக் கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் 825 என்று மனப்பாடம் செய்துகொள்வதுதான் நான் மிக அதிகமாகக் கண்ட பிழை. ஆவணி, ஐப்பசி, கார்த்திகையில் நடந்த திருமணங்கள் எல்லாம் அதனால் ஓர் ஆண்டு தள்ளிப்போய், குழந்தை கல்யாணத்துக்கு முன்பே பிறந்துவிட்டதாகக் கணக்கு வரும்.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இரண்டு நிகழ்ச்சிகள் போதும். திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 துலாம் 27 எனத் தேதியிடப்பட்டது. துலாம் நமது ஐப்பசி, எனவே 824-ஐக் கூட்டினால் 1936, அதாவது நவம்பர் 12. மூத்தவர்கள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்வது 1099 கர்க்கடகத்தில் வந்த பெருவெள்ளம். கர்க்கடகம் ஆடி, எனவே 825-ஐக் கூட்டினால் 1924.

பத்திரங்களில் மாதங்கள் மலையாளப் பெயரில் இருக்கும். சிங்ஙம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி என்று எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஜாதகத்தில் பிரபவ, விபவ என்னும் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் இருந்தால் அது நல்ல துணைச் சான்று. ஆனால் தமிழ் ஆண்டு சித்திரையிலும் கொல்லம் ஆண்டு ஆவணியிலும் மாறுவதால், ஒரே கொல்லம் ஆண்டில் இரண்டு தமிழ் ஆண்டுப் பெயர்கள் வரும். 1099-இல் பங்குனி வரை ருத்ரோத்காரி, சித்திரை முதல் ரக்தாட்சி. இது தெரியாமல் ஜாதகம் தவறு என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

4. வீட்டில் இருப்பவை

அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டை முழுதும் பார்த்துவிட வேண்டும். அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் பெயர், ஊர், ஏறத்தாழ ஆண்டு மூன்றையும் கேட்பார்கள். அந்த மூன்றும் வீட்டில்தான் கிடைக்கும்.

பித்தளைப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். சீராக வந்த குடம், அண்டா, தாம்பாளம் ஆகியவற்றின் விளிம்பில் கொடுத்தவரின் தலைப்பெழுத்தும் பெயரும், சில நேரம் நாளும், வெட்டப்பட்டிருக்கும். என் பாட்டியின் தந்தையின் தலைப்பெழுத்து எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. பரணில் கிடந்த ஒரு செம்பு அதைச் சொன்னது. அந்த ஓர் எழுத்து இல்லாமல் பிறகு வந்த எந்தப் பத்திரத்திலும் அவரை அடையாளம் கண்டிருக்க முடியாது.

அடுத்தது மொய் நோட்டு. நம் பக்கத்தில் சிலர் இதைச் சுருள் கணக்கு என்பார்கள். இதில் தொகையை விடவும் முக்கியமானது ஊர்ப்பெயர். மனைவியின் பிறந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், தாய்மாமன் யார் என்பவை ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும். தம்பதியின் பிள்ளைகளுடைய திருமண நோட்டையும் விட்டுவிடாதீர்கள். அதிலும் அதே ஊர்கள் திரும்ப வரும்.

இறந்த தேதியை யாரும் சொல்லாவிட்டாலும் திவசம் எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதியில் கொடுக்கிறார்கள் என்பதை வீட்டார் அறிவார்கள். கேரளப் பக்கம் குடியேறிய கிளையில் நட்சத்திரம் பார்த்துச் செய்யும் வழக்கம் பரவியிருக்கலாம். இரண்டு கிளையாரையும் தனித்தனியே கேளுங்கள். ஐப்பசித் தேய்பிறைச் சஷ்டி என்று ஒருவர், இன்ன நட்சத்திரம் என்று மற்றவர் சொன்னால், அந்த இரண்டும் ஒரே நாளில் பொருந்தும் ஆண்டுகளைப் பழைய பஞ்சாங்கத்தில் பார்க்கலாம். பத்தாண்டு இடைவெளிக்குள் இருந்த ஐயம் பெரும்பாலும் இரண்டு மூன்று தேதிகளாகச் சுருங்கிவிடும்.

மூத்தவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்பதால் பயன் குறைவு. “வெள்ளத்துக்கு முன்னாலா, பின்னாலா?”, “காந்தி இறந்தபோது மூத்தவள் நடந்தாளா?”, “தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள்?” என்று கேட்டால் உறுதியான விடை வரும்.

5. மனைவியின் பெயர் மாறும் விதம்

ஒரு பெண் ஆவணங்களில் மூன்று விதமாகத் தோன்றுகிறாள்: திருமணத்துக்கு முன் இன்னாரின் மகள், பின்பு இன்னாரின் மனைவி அல்லது பாரியாள், இறுதியில் காலஞ்சென்ற இன்னாரின் விதவை அல்லது இன்னாரின் தாயார். தலைப்பெழுத்தும் தந்தையுடையதிலிருந்து கணவனுடையதற்கு மாறும். எனவே ஒரே பெண்ணை மூன்று வெவ்வேறு பெயர்களாகக் கருதி, மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

இத்துடன் எழுத்துக்கூட்டல் சிக்கலும் சேர்கிறது. லட்சுமி, லெட்சுமி, லெக்ஷ்மி என மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். இசக்கியம்மாள் ஒரு பதிவில் ஈசக்கி என்றும், இன்னொன்றில் ‘அம்மாள்’ இன்றியும் இருக்கலாம். தமிழ்ப் பெயரை மலையாள எழுத்தில் ஒருவர் எழுதி, அதை ஆங்கிலத்தில் இன்னொருவர் பெயர்த்து, அதை மீண்டும் தமிழில் கணினியில் ஏற்றியிருப்பார்கள். இப்படி வரக்கூடிய வடிவங்களை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

மனைவியையும் விடாமல் தேடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணவனின் ஆவணம் பெரும்பாலும் ஒரு வீட்டைத்தான் காட்டும். மனைவியின் ஆவணம் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் இணைக்கும்.

6. இறப்புப் பதிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

காலத்தால் கடைசியான ஆவணம் கிடைப்பது எளிது. அதில் வயதும் உறவும் இருப்பதால் முந்தைய ஆவணத்துக்கு வழி காட்டும். எனவே இருவரில் பின்னால் இறந்தவரின் இறப்புப் பதிவை முதலில் எடுங்கள்.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, நிகழ்ச்சி எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பங்களில் பலர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குப் போவது நெடுங்கால வழக்கம். அங்கே இறந்தவரின் பதிவு திருவனந்தபுரம் மாநகராட்சியில்தான் இருக்கும். சொந்த ஊரில் எத்தனை முறை மனுக் கொடுத்தாலும் ‘பதிவு இல்லை’ என்றுதான் விடை வரும். அந்த விடையை ஆள் இறந்ததற்கே பதிவு இல்லை என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் நகரமானால் நகராட்சி அல்லது பேரூராட்சியிலும், கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கிச் சார்பதிவாளர் அலுவலகத்திலும், கேரளத்தில் பஞ்சாயத்து அல்லது நகராட்சியிலும் கேட்க வேண்டும். பதிவேட்டைத் தேடிப் பார்த்து நகல் தரும்படி யாரும் மனுச் செய்யலாம். இறப்புக்கான காரணம் மட்டும் நகலில் இடம்பெறாது.

பிள்ளைகளின் பிறப்பைத் தேடும்போது இதே விதி வேறு விதமாக உதவுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மூத்த குழந்தையின் பிறப்பைக் கணவன் ஊரில் தேடி ஏமாந்தவர்கள் பலர். அது மனைவியின் பிறந்த ஊரில் இருக்கும். மனைவியின் ஊரே தெரியாத நிலையில், மூத்த பிள்ளையின் பிறந்த இடம் என்ன என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

7. பத்திரங்கள்

இந்தத் தேடலில் மிகுதியாகத் தருபவை பதிவு செய்யப்பட்ட பத்திரங்கள்தான். சொத்து இல்லாத குடும்பம் என்று எண்ணி இதைக் கடந்து செல்ல வேண்டாம். மூன்று சென்ட் வீட்டுமனைக்கும் ஒற்றி (அடமானம்) எழுதியிருப்பார்கள்.

தேடும் முறை இது. முதலில் கையிலுள்ள ஏதாவது ஒரு பத்திரத்தையோ, இன்றைய உரிமையாளரின் பத்திரத்தையோ எடுத்து, அதில் சொல்லப்படும் முந்தைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் குறியுங்கள். தமிழ்நாட்டில் இதைத் தாய்ப்பத்திரம் அல்லது மூலப்பத்திரம் என்பார்கள், கேரளத்தில் முன்னாதாரம். அந்த எண்ணைக் கொண்டு நகல் மனுக் கொடுத்தால் அதற்கும் முந்தையது தெரியும். இப்படி ஏணிப்படி போலக் கீழிறங்கினால் தம்பதியின் காலத்துக்கு வந்துவிடலாம். எண் எதுவும் கையில் இல்லாதபோது வில்லங்கச் சான்று கேளுங்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேடும்படி தனியே மனுச் செய்ய வேண்டும்.

பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதன் அட்டவணையையும் நகலையும் யாரும் கேட்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவரது முகவருக்கோ மட்டுமே உயிலின் நகல் கிடைக்கும். அவர் இறந்தபின் யார் கேட்டாலும் கொடுப்பார்கள். ஆகவே உயிலுக்கு மனுச் செய்யும்போது இறப்புச் சான்றை இணைக்க வேண்டும். ஆறாம் படியை இதற்கு முன் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நகல் கையில் வந்ததும் பெரும்பாலோர் சொத்து விவரத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது முதல் பத்தியும் கடைசிப் பத்தியும்தான். முதல் பத்தியில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் ஒவ்வொருவரின் தந்தை பெயர் அல்லது கணவர் பெயர், வயது, தொழில், குடியிருக்கும் ஊர் இருக்கும். கடைசியில் சாட்சிகளும், பதிவின்போது அடையாளம் காட்டியவர்களும் இருப்பார்கள். ஒரு பெண் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் அடையாளம் காட்டியவர் பெரும்பாலும் அவளுடைய சகோதரனாகவோ சிற்றப்பா மகனாகவோ இருப்பார். என் பாட்டியின் தம்பி ஒருவர் இருந்தார் என்பதே குடும்பத்தில் மறந்துபோன செய்தி. 1950-களின் ஒற்றிப் பத்திரம் ஒன்றின் அடியில் அவர் கையொப்பம் இருந்தது. அதைப் படித்த அன்று என் தாயார் வெகுநேரம் பேசவில்லை.

சில சொற்களில் கவனம் தேவை. ஒழிமுறி என்று அட்டவணையில் கண்டதும் மணமுறிவு என்று முடிவு செய்துவிடாதீர்கள். மணவிலக்குக்கு அந்தப் பெயர் வழங்கியது உண்மை. ஆனால் ஒற்றியையோ உரிமையையோ விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் அதே பெயர்தான். நகலைப் படிக்காமல் குடும்பத்தில் பேசினால் தீராத மனத்தாங்கல் ஏற்படும். தொகைகள் சக்கரத்திலும் பணத்திலும் இருந்தால், நான்கு சக்கரம் ஒரு பணம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று கணக்கிடுங்கள்.

பழைய பத்திரங்கள் பல மலையாள எழுத்தில் இருக்கும். கட்டணத்துக்கு மொழிபெயர்ப்பவரை விட, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரின் துணை மேலானது. ‘டி’ என்று சுருக்கி எழுதியிருப்பது ‘மேற்படி’ என்பதும், எந்தச் சொல் வாய்பாடு, எந்தச் சொல் புதிய செய்தி என்பதும் அவருக்கு உடனே தெரியும்.

8. எந்த முறைப்படி வாரிசுரிமை என்று கேட்டறியுங்கள்

பத்திரத்தில் மனைவி, மக்கள் பெயர் இல்லை என்பதால் அவர்கள் இல்லை என்று பொருளாகாது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிடையே மருமக்கள்வழி இருந்தபோது, கணவனின் குடும்பச் சொத்து அவனுடைய சகோதரியின் மக்களுக்குச் சென்றது. அக்குடும்பங்களில் மனைவியைக் கணவனின் குடும்ப ஆவணங்களில் தேடினால் காண முடியாது. அவளுடைய சகோதரனோ தாய்மாமனோ காரணவராக (குடும்பத் தலைவராக) இருந்த குடும்பத்தின் ஆவணங்களில் தேட வேண்டும். 1926-இல் வந்த நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்துக்குப் பின் எழுதப்பட்ட பாகப் பத்திரங்களைக் குறிப்பாகக் கேளுங்கள். குடும்பத்தின் உறுப்பினர்களை வரிசையாகச் சொல்லும் ஆவணம் அது.

தந்தையின் சொத்து மக்களுக்குச் செல்லும் மக்கள்வழிக் குடும்பங்களிலும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்தைய பாகப் பத்திரங்களில் மகள்கள் பெயர் இல்லாமலிருப்பது வழக்கம். அதற்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களில் அவர்கள் கணவர் பெயரோடும் ஊரோடும் வருவார்கள்.

9. தண்டப்பேர், சிட்டா, வாரிசுச் சான்று

திருவிதாங்கூர் முறையில் நிலவரி கட்டுபவரின் கணக்குக்குத் தண்டப்பேர் என்று பெயர். உரிமை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறுவதைக் கணக்கில் ஏற்றுவது போக்குவரவு. கேரளத்தில் இன்றும் வில்லேஜ் ஆபீஸில் இச்சொற்களைச் சொல்லியே கேட்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் சிட்டா, ‘அ’ பதிவேடு, பட்டா மாறுதல் என்று கேட்க வேண்டும். கணவன் இறந்து மனைவி பெயருக்குக் கணக்கு மாறிய ஆண்டு இறப்பு ஆண்டுக்கு ஓர் எல்லையைத் தரும். ஆனால் இறப்புக்கும் மாறுதலுக்கும் நடுவே பத்தாண்டு கடந்த குடும்பங்களும் உண்டு.

வாரிசுச் சான்று யாராவது எடுத்திருந்தால் அதன் நகலைப் பெறுங்கள். மனைவியும் பிள்ளைகளும் அப்போதைய வயதோடு ஒரே தாளில் இருப்பார்கள்.

10. திருமணத்துக்கான சான்று

மதம் எதுவானாலும் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் கேரளத்தில் 2008-இலும் தமிழ்நாட்டில் 2009-இலும்தான் வந்தது. ஆகவே பாட்டன் பாட்டிக்கு அரசுத் திருமணச் சான்று தேடுவது வீண். திருமணத்தை நடத்தி வைத்த சமூகத்தின் ஏட்டைத் தேட வேண்டும்.

கிறித்தவக் குடும்பமானால் கோயிலின் திருமணப் பதிவேடு. கத்தோலிக்கரிடம் இன்னொரு வசதி உண்டு: ஒருவரின் திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே அவருடைய திருமணம் குறிக்கப்படுவது முறை. மனைவியின் திருமுழுக்குக் கிடைத்தால் கணவனும் கிடைத்துவிடுவான். கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல்தான் கொல்லத்திலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்து கொல்லத்தில் இருக்கும். பங்குப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குக் கோயிலிலேயே இருக்கும். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானது. அதற்கு முன் நாகர்கோவில், நெய்யூர், மார்த்தாண்டம் பக்கம் லண்டன் மிஷன் சபைகளாக இருந்தவை. பழைய ஏட்டின் தலைப்பில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். முஸ்லிம் குடும்பமானால் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) மணமக்கள், தந்தையர், மஹர் தொகை, சாட்சிகள் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் மணமகளின் ஊர் ஜமாஅத்தில் கேளுங்கள்.

இந்துக் குடும்பங்களுக்கு நான் பெரிதும் மதிப்பது ஊர்க்கோயில் அல்லது குலதெய்வக் கோயிலின் வரி நோட்டு. வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வாங்கப்படும். எங்கள் ஊரில் திருமணமானவன்தான் ஒரு தலைக்கட்டு. ஒருவனுடைய பெயர் தந்தையின் பெயருக்குக் கீழே முதன்முதலாகத் தனிவரியில் ஏறும் ஆண்டு, திருமணத்துக்கு அடுத்து வந்த கோயில் கொடைவிழாவின் ஆண்டாக இருக்கும். அவன் இறந்தபின் அந்த வரி மனைவியின் பெயரில் வரலாம், அல்லது நின்றுபோகலாம். ஒரே நோட்டில் ஒரு தம்பதியின் தொடக்கமும் முடிவும் தெரிவது வேறெந்த ஆவணத்திலும் அரிது. நோட்டைக் கேட்கும்போது வரிதாரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதை வெளியே எடுத்துச் செல்லக் கேட்காமல் அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

11. நடுவிலுள்ள ஆண்டுகள்

திருமணத்துக்கும் இறப்புக்கும் இடையே குடும்பம் எங்கே இருந்தது என்பதைப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றும் காட்டும். ஒரு பள்ளியிலிருந்து நீங்கிய தேதியும் அடுத்ததில் சேர்ந்த தேதியும் குடிபெயர்ந்த மாதத்தையே சொல்லிவிடும். அதிலுள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். சேர்க்கை வயதுக்குப் பொருந்தும்படி ஆசிரியர் எழுதிய தேதிகள் ஏராளம்.

பழைய வாக்காளர் பட்டியலில் மனைவிக்குக் கணவன் பெயரும் வயதும் வீட்டு எண்ணும் இருப்பதால், தம்பதி ஒன்றாக வாழ்ந்த முகவரி உறுதியாகிறது. வயது மட்டும் பட்டியலுக்குப் பட்டியல் மாறும்.

மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் வேலை செய்தவர்களானால் செக்ரோலில் (தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில்) இருந்த பெயரைக் கேளுங்கள். ஊரில் ஒரு பெயரும் தோட்டத்தில் ஒரு பெயருமாக இருந்தவர்கள் பலர். வருங்கால வைப்பு நிதிக்கான நியமனப் படிவத்தில் மனைவியின் பெயரும் வயதும் இருக்கும். தோட்டத்தில் மனைவியும் தொழிலாளியாக இருந்திருப்பார் என்பதால் அவருக்கும் தனிக் கணக்கு இருக்கும். அதைக் கேட்க மறப்பவர்கள் அதிகம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் தனியாட்களின் கணக்கெடுப்புப் படிவங்களைப் பார்வையிட 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதில்லை. அதில் நேரம் செலவிட வேண்டாம்.

12. ஆவணக் காப்பகங்கள் கடைசியில்

திருவனந்தபுரத்திலுள்ள கேரள அரசு ஆவணக் காப்பகமும், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் மதிப்புமிக்க இடங்கள். ஆனால் அங்கே ஆட்களின் பெயரால் தேட அட்டவணை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. துறை, ஆண்டு, கோப்பு என்ற வரிசையில் அவை அடுக்கப்பட்டிருக்கும். அரசுப் பணி, வழக்கு, நிலப் பதிவு என்று குறிப்பான ஏதாவது ஒன்றும் அதன் ஆண்டும் கையில் இருந்தால் மட்டும் போங்கள். முதல் நாளே அங்கே போய், இரண்டு நாள் தங்கி, வெறுங்கையோடு திரும்பி, இந்த முயற்சியையே கைவிட்டவர் ஒருவரை அறிவேன். அவருடைய வீட்டுப் பெட்டியில் அப்போது ஏழு பத்திரங்கள் இருந்தன.

13. சான்றுகள் முரண்படும்போது

ஒரே ஆளுக்கு நான்கு பிறந்த ஆண்டுகள் கிடைப்பது இயல்பு. நிகழ்ச்சி நடந்தபோதே எழுதப்பட்டதற்கு முதல் மதிப்பு: திருமுழுக்குப் பதிவு, ஜாதகம், பிறப்புப் பதிவு. பின்னாளில் வேறொரு தேவைக்காகச் சொல்லப்பட்ட வயதுக்கு அடுத்த இடம். பத்திரங்களில் 30, 35, 40 என்று முழுமையாக வரும் வயதுகள் தோராயமானவை. அவற்றிலிருந்து ஆண்டைக் கழித்துத் தேதி எழுதாதீர்கள்.

பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஆள் ஒன்று என்று முடிவு செய்யக் கூடாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே தெருவில் இருப்பார்கள். தந்தை பெயர், ஊர், மனைவி பெயர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் தாளில் மையால் எழுதுகிறேன், இல்லையெனில் பென்சிலால்.

இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நான்கைந்து ஆண்டு இடைவெளி தெரிந்தால், அங்கே ஒரு குழந்தை பிறந்து இறந்திருக்கக்கூடும். இதை வயதான பெண்களிடம் தனியாக, மற்றவர்கள் இல்லாத நேரத்தில், மெதுவாகக் கேளுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். சொன்னால், அந்தக் குழந்தைக்குப் பெயரிட்டிருந்தார்களா என்பதையும் கேட்டு, தாளில் தாய் தந்தை இருவருடைய பத்திகளிலும் அந்த ஆண்டுக்கு நேராக எழுதிவிடுங்கள்.